இருசு எங்கே வைப்பது?

"படுத்துக்கிட்டே போற மாதிரி ஒரு வண்டி செய்ய முடியுமா வே?" என்று தாத்தா ஆசாரியிடம் கேட்டபோது, நான் திண்ணையில் கருப்பட்டிச் சிப்பங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். 1975-ஆம் வருஷம், வைகாசி கடைசி. பதநீர் நன்றாக இறங்கிய வருஷம். திசையன்விளையைச் சுற்றியுள்ள விளைகளிலிருந்து வந்த கருப்பட்டி வீட்டு முன்னறை வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. ஆசாரி பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆச்சி படுத்திருந்த நார்க்கட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எத்தனை நாள் பயணம் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

ஆச்சிக்கு இடுப்பெலும்பு தேய்ந்து போயிருந்தது. கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. ஆனால் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போய்ப் பொங்கலிட வேண்டும் என்று நேர்ந்திருந்தாள். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகிற வழியில், தாமிரபரணிக் கரையில் காட்டுக்குள் இருக்கிற கோயில் அது. நம் பக்கத்துச் சாஸ்தா கோயில்களுக்கெல்லாம் ஆதி கோயில் என்று சொல்லுவார்கள். அந்தக் காலத்தில் ஆற்றங்கரையில் குடில் போட்டு ஒரு வாரம், பத்து நாள் தங்குவார்கள். பஸ்ஸில் போவதென்றால் பல பஸ் மாற வேண்டும், உட்கார்ந்தே போக வேண்டும். ஆச்சியால் ஆகாது. வீட்டில் இருந்தது பார வண்டி. கருப்பட்டி ஏற்றிச் சந்தைக்குப் போகும் கட்டை வண்டி. அதில் படுத்தால் எலும்பு மிச்சம் இருக்காது. அதனால்தான் தாத்தா புது வண்டி கேட்டார். அது லேசான வண்டியாக இருக்க வேண்டும் என்றார். படுக்கவும், ராத்தங்கவும், சோறு பொங்கச் சாமான் வைக்கவும் இடம் வேண்டும். இருக்கிற இரண்டு நாட்டு மாடுகள் அதைத் தேரி மணலிலும் இழுக்க வேண்டும், மலை ஏற்றத்திலும் இழுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஆசாரி வந்து செய்த முதல் காரியம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முழக்கோலைக் கையில் எடுக்கவில்லை. ஓர் ஓலைப்பாயை முற்றத்தில் விரிக்கச் சொன்னார். "ஆச்சி, இதுல படுங்க" என்றார். ஆச்சி படுத்தாள். "ராத்திரி எப்படிப் படுப்பியளோ அப்படிப் படுங்க." ஆச்சி ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கையைத் தலைக்குக் கீழே கொடுத்தாள். ஆசாரி அடுப்புக்கரியால் அவளைச் சுற்றிப் பாயில் கோடு போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்கச் சொன்னார், ராத்திரி ஆச்சிக்குத் துணைக்கு நான்தான் என்பதால். எனக்கும் கோடு. நாங்கள் எழுந்த பிறகு பாயில் இரண்டு கரிக்கோட்டு உருவங்கள் மிச்சமிருந்தன. அந்த இரண்டையும் சுற்றி ஒரு நீள்சதுரம் போட்டு, அதற்குப் பிறகுதான் முழக்கோலை வைத்தார். நாலு முழத்துக்கு ஒரு சாண் அதிகம் நீளம், இரண்டரை முழம் அகலம். வண்டியின் அளவு அதுதான், அதற்கு மேல் ஒரு விரற்கடை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

இதே போல அமெரிக்காவில் 1930-களில் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சின்னப் படுக்கை வண்டிகளை வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து கண்ணீர்த்துளி வடிவில் இருப்பதால் அந்தப் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. 1947 செப்டம்பர் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் வந்த வரைபடத்தைப் பார்த்து எத்தனையோ பேர் தங்கள் கொட்டகையில் செய்திருக்கிறார்கள். அவற்றின் பழைய அளவு எட்டடி நீளம், நாலடி அகலம். ஒரு பிளைவுட் ஷீட்டின் அளவு அது, இரண்டு பேர் படுக்கும் அளவும் அதுதான். நிற்க இடம் கிடையாது. உள்ளே படுக்கை மட்டும். சமையல் சாமான் பின்பக்கம், மேலே தூக்கித் திறக்கும் மூடிக்குள். இதையெல்லாம் நான் படித்தது என் ஐம்பத்தைந்தாவது வயதுக்கு மேல். படித்தபோது எனக்கு அந்த ஓலைப்பாயும் கரிக்கோடும்தான் நினைவுக்கு வந்தன. படுக்கையை முதலில் தரையில் விரித்து, அதைச் சுற்றி வண்டியைக் கட்டுவதுதான் இரண்டு இடத்திலும் முறையாக இருந்திருக்கிறது.

ஆசாரிக்கு அளவு என்றால் தாத்தாவுக்கு எடை. கருப்பட்டி வியாபாரி என்பதால் எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். உத்திரத்தில் தொங்கிய பெரிய தராசில், வண்டிக்கென்று வந்த ஒவ்வொரு சாமானையும் ஏற்றி இறக்கினார். எழுதினவன் நான். கருப்பட்டிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அது இன்னும் இருக்கிறது. தாத்தா வாயில் வீசையும் மணங்குமாக வரும். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, கிலோவாக மாற்றி எழுதுவேன். சக்கரம் ஒன்றுக்கு 38, இரண்டும் 76. சக்கரங்களைக் கோக்கும் அச்சான இருசு 18. குலுக்கலைத் தாங்கும் வில் இரண்டும் சேர்த்து 21. ஏர்க்காலும் சட்டமும் 46. நுகத்தடி 9. தளம் 14. கூண்டு 13. கூட்டினால் 197 கிலோ. இருநூறைத் தாண்டக் கூடாது என்று தாத்தா சொன்னது அப்படியே நடந்தது.

ஆனால் அந்த எண்ணுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆனது. தளத்துக்கு முதலில் பலகை அடிப்பதாக இருந்தது. பலகையைத் தராசில் போட்டதும் தாத்தா உதட்டைப் பிதுக்கினார். மூங்கிலைப் பிளாச்சாகப் பிளந்து, நெருக்கி அடுக்கிப் பனைநாரால் கட்டினால் பாதி எடைதான் என்று ஆசாரி செய்து காட்டினார். கட்டும் நாரை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டார். அது காய்ந்து இறுகியபின் தளத்தைத் தட்டிப் பார்த்தால் முரசுபோல் ஒலித்தது. அதன்மேல் வைக்கோல், வைக்கோலுக்கு மேல் பத்தமடைக் கோரைப்பாய். கூண்டும் அப்படித்தான். வளைத்த மூங்கில், உள்ளே ஓலைப்பாய், வெளியே தார்ப்பாய். கூண்டின் உயரத்தைப் பற்றி அப்பாவுக்கும் ஆசாரிக்கும் பெரிய வாக்குவாதம். நிமிர்ந்து உட்கார்ந்து தலை வாருகிற உயரம் வேண்டும் என்று அப்பா சொன்னார். ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. தேரி மண்ணை அள்ளிக் கண்ணில் வீசும் காற்று. இன்று அந்தக் காற்றை நம்பித்தான் ராதாபுரம் வட்டாரம் முழுவதும் காற்றாலைகள் நிற்கின்றன. "கூண்டு உசந்தா காத்து வண்டியைப் பிடிச்சுத் தள்ளும். மாடு அந்தக் காத்தையும் சேத்து இழுக்கணும்" என்றார் ஆசாரி. கூண்டு தாழ்ந்தே நின்றது. குனிந்து நுழைய வேண்டும், படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடையைக் குறைக்காத ஓர் இடமும் உண்டு. வில் இல்லாமல் செய்தால் 21 கிலோ மிச்சம் என்று தாத்தாவே கணக்குப் போட்டுவிட்டு, உடனே அதை அடித்தார். "அவ இடுப்புக்காகத்தான் வண்டியே. வில்லைக் குறைச்சா நான் எதுக்கு வண்டி செய்யணும்?" என்றார். எடை குறைப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த அடித்த கோடு ஞாபகம் வரும். நோட்டில் அது தெளிவாகத் தெரிகிறது, பேனாவை அழுத்திப் போட்ட கோடு.

சக்கரத்தைச் சுற்றி வரும் இரும்புப் பட்டாவும் அப்படித்தான். பழைய வில்வண்டிச் சக்கரங்களில் ஒன்றரை அங்குலப் பட்டா இருந்தது. லேசானது, தார் ரோட்டில் நன்றாக ஓடும். தேரியில் இறங்கினால் கத்தி மாதிரி மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். இரண்டு அங்குலம் போட்டால் எடை கூடும், மணலில் மிதக்கும். கூடுதல் எடையை ஏற்றுக்கொண்டோம். பட்டா ஏற்றிய அன்று தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டோம். உடைமர விறகையும் வறட்டியையும் வட்டமாக அடுக்கி, நடுவில் இரும்பு வளையத்தை வைத்துக் கொளுத்தினார்கள். வளையம் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னது. செக்கச் சிவந்து விரிந்ததும், நாலு பேர் நாலு பக்கம் குறட்டால் பிடித்துத் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்கினார்கள். மரம் பட்டென்று பற்றி எரிந்தது. ஆசாரி சுத்தியலால் சுற்றிவரத் தட்ட, பக்கத்தில் குடத்தோடு நின்றவர்கள் தண்ணீரை ஊற்றினார்கள். புகை அடங்கும்போது இரும்பு சுருங்கி வட்டையை நெரிக்கிற சத்தம் கேட்டது. ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இறங்கி உட்காரும் சத்தம். ஆசாரி குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு "போதும்" என்றார்.

எல்லாம் தயாரான பிறகுதான் இருசு எங்கே வரும் என்ற கேள்வி. நான் நினைத்தது, நடுவில் என்று. வண்டிக்கு நடுவில்தானே சக்கரம் இருக்கும்? ஆசாரி சட்டத்தை ஓர் உருளைக்கட்டையின் மேல் தூக்கிவைத்தார். கூண்டைக் கட்டினார். ஆச்சியை உள்ளே படுக்கச் சொன்னார், என்னையும் படுக்கச் சொன்னார். தலைமாட்டில் துணி மூட்டை, கால்மாட்டில் அரிசி. சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் வண்டி ஊஞ்சல் மாதிரி எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. அங்கே கரியால் ஒரு கோடு போட்டார். இருசை அந்தக் கோட்டில் வைக்கவில்லை, அதற்கு மூன்று விரற்கடை பின்னால் வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"கொஞ்சம் முன்பாரம் வேணும்ல. நுகத்தடியை ஒரு கையால தூக்குனா எழும்பணும், விட்டா இறங்கணும். ரெண்டு கை கேட்டா முன்பாரம் அதிகம், மாட்டுக் கழுத்துல ரத்தம் கட்டும். தானா எழும்புனா பின்பாரம், அது மாட்டைக் கொன்னுபோடும்."

காருக்குப் பின்னால் கட்டும் டிரெய்லருக்கு இன்றைக்கும் இதே கணக்குதான். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை முன்னால் இணைக்கும் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், பிறகு காரையே புரட்டும். அதிகமானால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் பிடிப்பை இழக்கும்.

வண்டி ஆனாலும் நேரே பாபநாசம் கிளம்பவில்லை. முதலில் உவரி. எட்டொன்பது கிலோமீட்டர்தான். சுயம்புலிங்க சுவாமியைக் கும்பிட்டுவிட்டு, ஒரு ராத்திரி வண்டியிலேயே தங்கிப் பார்த்துத் திரும்புவது என்று ஏற்பாடு. தாத்தா இதில் உறுதியாக இருந்தார். போகும்போது எல்லாம் சரியாக இருந்தது. ஆச்சி படுத்துக்கொண்டு கூண்டின் பின்வாசல் வழியாக முருங்கைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ராத்திரி கடல் சத்தத்தில் நாங்கள் இருவரும் உள்ளே தூங்கினோம், அப்பாவும் தாத்தாவும் வண்டிக்கு அடியில்.

காலையில் கடற்கரையிலிருந்து மேட்டில் ஏறும்போது நடந்தது. ஆச்சி, ஆசாரிக்குத் தெரியாமல், கூண்டின் பின்பக்கம் ஒரு பெட்டி கட்டச் சொல்லியிருந்தாள். சமையல் சாமான் எடுக்க வைக்க அதுதான் வசதி. அதில் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பானை இருந்தது, உருளி இருந்தது, அன்றைக்கு உவரியில் நிரப்பிய ஒரு குடம் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. மேட்டில் வண்டி பின்னால் சாய, நுகத்தடி மெதுவாக மேலே எழும்பியது. பூட்டாங்கயிறு இடத்து மாட்டின் தொண்டையை இறுக்கியது. மாடு நாக்கைத் தள்ளி முன்னங்காலை மடித்தது. அப்பா பாய்ந்து நுகத்தடியில் தொங்கினார். தாத்தா பின்னால் ஓடி, குடத்தை அப்படியே கவிழ்த்தார். தண்ணீர் மணலில் இறங்கிய அந்த நேரத்துக்குள் நுகம் கீழே வந்தது. மாடு எழுந்து நின்று நடுங்கியதை நான் கூண்டுக்குள்ளிருந்து பார்த்தேன். அதன் விலா அடித்துக்கொண்டது கண்ணில் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் ஆச்சி தானாகவே பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பினாள். தராசைப் பார்த்தாள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. வெண்கலப் பானையை அவளே தூக்கித் தட்டில் வைத்தாள். ஏழு கிலோ. கொஞ்ச நேரம் அதன் வாயைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே கொண்டுபோய்ப் பரணுக்குக் கீழே வைத்துவிட்டாள். பொங்கலுக்கு மண்பானை போதும், அம்பாசமுத்திரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். உருளிக்குப் பதில் அலுமினியச் சட்டி. ஆசாரி பெட்டியைப் பின்னாலிருந்து எடுத்து, ஓட்டுகிறவர் உட்காரும் இடத்துக்குக் கீழே வைத்தார். கூண்டையும் தளத்தையும் இன்னும் நாலு விரற்கடை முன்னால் நகர்த்தினார். ஆச்சி தலையை முன்பக்கமாக வைத்துப் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவும் செய்தபிறகுதான் நுகத்தடி அவர் சொன்னபடி ஒரு கையில் எழுந்து, விட்டதும் இறங்கியது.

பயணத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நன்றாக ஓடியதால் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி ஓட்டம், பகலில் மரத்தடியில் தங்கல். நாங்குநேரி, களக்காடு, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார் நெல் பச்சையாக நின்றதைப் பார்த்துத் தேரிக்காட்டுப் பையனான நான் வாயடைத்துப் போனேன். நாலு ராத்திரியில் பாபநாசம். மலை ஏற்றத்தில் ஆச்சியைத் தவிர எல்லோரும் இறங்கி நடந்தோம். கோயில் ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கான குடில்கள், மாடுகள், புகை. பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாக வந்த செருப்புகள் தொங்கின. நாங்கள் குடில் போடவில்லை. வண்டியை நிறுத்தி முட்டுக்கம்பு கொடுத்து, மாட்டை அவிழ்த்தோம். ஆறு நாள் அதுதான் வீடு. ஆச்சி மண்பானையில் பொங்கலிட்டாள். திரும்பி வந்த பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். எந்தப் பயணத்தைப் பற்றியும் அவள் அதிகம் பேசினதில்லை, இதைத் தவிர.

இப்போது என் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். காருக்குப் பின்னால் கட்டுகிற ஒரு சின்னப் படுக்கை டிரெய்லரை நாமே செய்யலாம் என்று போன வருஷம் வரைபடங்களோடு வந்தான். எனக்கு அந்த ஆசையைத் தட்ட மனமில்லை. ஆனால் முதலில் சட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வாகனம்தான். செய்து முடித்த பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் நிற்கக் கூடாது, வரைபடத்தோடு முதலிலேயே போய்க் கேட்க வேண்டும். இன்ன எடைக்கு மேல் இழுக்கக் கூடாது என்று காரின் கையேட்டில் இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஓடும்போது உள்ளே யாரும் படுக்கக் கூடாது. ஆச்சியின் வண்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அதுதான்.

மற்றதெல்லாம் பழைய கணக்கு. அவன் வரைபடத்தில் சுவரும் கூரையும் 12 மில்லிமீட்டர் பிளைவுட். ஒரு ஷீட்டே இருபது கிலோவுக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு அதே அளவில் எட்டுக் கிலோதான். மெல்லிய சட்டம் கட்டி அதன்மேல் தகடு போர்த்தலாம் என்று மாற்றினோம். இரும்புத் தகடு போடாததற்குக் காரணம், உவரிக் காற்றில் அது ஒரே வருஷத்தில் துருவேறும் என்பது. நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின்பக்கச் சமையல் பெட்டிக்குக் கீழே வரைந்திருந்தான். நான் நோட்டை எடுத்து வந்து, தாத்தா கவிழ்த்த குடத்தைப் பற்றிச் சொன்னேன். தொட்டி இருசுக்கு முன்னால் போனது. கணினியில் எடைகளைப் போட்டுச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்துக் காட்டினான். நல்லது என்றேன். ஆனாலும் பட்டறைக்காரர் இருசை முதலில் வெல்டு வைத்துவிடலாம் என்றபோது வேண்டாம் என்று நிறுத்தினேன். சாமான் எல்லாம் ஏற்றி, உருளைக்கட்டையில் தூக்கிவைத்துப் பார்த்த பிறகுதான் இருசு. பட்டறையில் ஒரு பழைய குழாயை உருளைக்கட்டையாக எடுத்துவைத்திருக்கிறோம்.

அந்த டிரெய்லர் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகாது. 1988-இல் அந்தக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று. ஆடி அமாவாசைக்கு இப்போது சில நாட்கள்தான் தங்க விடுகிறார்கள், அதுவும் கட்டுப்பாடுகளோடு. காட்டுக்கும் ஆற்றுக்கும் அதுதான் நல்லது என்பது என் எண்ணம். மனிதர்கள் விட்டுப்போகும் துணியும் பிளாஸ்டிக்கும் பாபநாசத்தில் ஆற்றை என்ன பாடுபடுத்துகின்றன என்று கண்ணால் பார்த்தவன் நான். எங்கள் டிரெய்லர் மணப்பாடு வரைக்கும், கன்னியாகுமரி வரைக்கும் போகும். முதல் ஓட்டம் உவரிக்கு, ஒரே ராத்திரி.

ஆசாரி போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மாட்டு வண்டிகளைச் சீர்திருத்த வேண்டும், மாட்டின் கழுத்தில் இறங்கும் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி பல வருஷம் பாடுபட்டார். மாட்டின் கழுத்துக்கு வரும் பாரத்தை ஒரு கையால் அளந்து சொல்லும் வித்தை எங்கள் தெருவிலேயே இருந்தது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. என்னிடம் இருப்பது எடைக் கணக்கு மட்டும். மூன்று விரற்கடை என்பது எல்லா வண்டிக்கும் பொதுவா, அந்த வண்டிக்கு மட்டுமா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

உங்கள் ஊரில் கூண்டு வண்டி செய்த ஆசாரி ஒருவராவது இன்னும் இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். இருசை எங்கே வைப்பார், ஏன் அங்கே வைப்பார் என்று கேட்டு, அவர் சொல்லுகிற வார்த்தையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.